விளைநிலத்தில் கேரவன் பூங்கா: இங்கிலாந்துக் கிராமங்கள் எதிர்ப்பது எப்படி?

சமையலறை, படுக்கை, கழிப்பறை ஆகியவற்றைக் கொண்ட வீட்டு வண்டியே 'கேரவன்' எனப்படுகிறது. இத்தகைய வண்டிகளை வரிசையாக நிறுத்தி விடுமுறைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் இடம் கேரவன் பூங்கா ஆகும். அண்டை மாநிலமான கேரளம் 2021-ஆம் ஆண்டில் கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது. இங்கிலாந்துக்கோ இது பழைய சங்கதி. அங்கு ஒரு மேய்ச்சல் நிலத்திலோ கோதுமை வயலிலோ பூங்கா வரப்போவதாக வேலிக்கம்பத்தில் அறிவிப்புக் கட்டப்பட்டதும் ஊர் இரண்டுபடுவது வழக்கம். நிலத்தைக் கொடுப்பவரும் குடியானவர். எதிர்ப்பவர்களிலும் பலர் குடியானவர்களே.

வண்டி என்பது பெயரளவில்தான்

'வண்டிதானே, வரும், போகும்' என்று எண்ணுவது தவறு. அந்நாட்டுச் சட்டப்படி 20 மீட்டர் நீளமும் 6.8 மீட்டர் அகலமும் உள்ள வீடும் கேரவன் என்ற கணக்கில் சேரும். இரண்டு பகுதிகளாகக் கொண்டுவந்து நிலத்தில் வைத்துப் பூட்டி, அடியில் கான்கிரீட் தளமும் போட்டுவிட்டால், அந்த இடம் மீண்டும் ஏர் காண்பது அரிது. பாதைக்குக் கொட்டப்படும் சரளையும், கனரக வாகனம் ஏறி இறுகிய அடிமண்ணும் நீரை உள்ளே விடா. வண்டிகள் அகற்றப்பட்டாலும் மண் பழைய நிலைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

இரண்டு அனுமதிகள்

1947-ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டம் வந்த பிறகு, விளைநிலத்தை வேறு பயனுக்கு மாற்ற உள்ளாட்சி மன்றத்தின் திட்ட அனுமதி தேவைப்படுகிறது. கேரவன்கள் பெருகிச் சுகாதாரக் கேடு மிகுந்ததால் 1960-இல் தனிச்சட்டம் வந்தது. அதன்படி, திட்ட அனுமதி பெற்ற பின்னர் இடத்துக்கு உரிமமும் பெற வேண்டும். வண்டிகளுக்கிடையே உள்ள இடைவெளி, தீ அணைக்கும் வசதி, குடிநீர், கழிவுநீர் ஆகியவை உரிம நிபந்தனைகளில் அடங்கும்.

இச்சட்டம் சிறு விவசாயிக்குச் சில சலுகைகளையும் தந்துள்ளது. அங்கீகாரம் பெற்ற கேரவன் சங்கம் சான்று அளித்தால், ஒரு பண்ணையில் ஐந்து வண்டிகள் வரை உரிமமின்றி நிறுத்தலாம். அறுவடைக் காலத்தில் வரும் கூலியாட்களைப் பண்ணையில் கேரவனில் தங்கவைக்கவும் விலக்கு உண்டு. கறவை மாட்டில் வருமானம் குறைந்த பல குடும்பங்களுக்கு இந்த ஐந்து வண்டி வாடகை கைச்செலவுக்கு ஆகிறது. ஊராரும் இதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஐந்து ஐம்பதாகும்போதுதான் சண்டை.

எந்த ஆட்சேபம் செல்லும்?

அறிவிப்பு வெளியான பின் ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுவாக 21 நாட்கள் கொடுக்கப்படும். கிராம மன்றத்தின் கருத்தும் கேட்கப்படும். 'என் வீட்டுச் சன்னலிலிருந்து தெரியும் காட்சி கெடும்', 'என் வீட்டு விலை இறங்கும்' என்று எழுதினால் அது கணக்கில் கொள்ளப்படாது. ஆயிரம் பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்டாலும் அது ஒரே காரணம்தான். சாலையின் அகலம், வெள்ள அபாயம், வடிகால், இரைச்சல், நிலப்பரப்பின் இயற்கை அழகு, மண்ணின் தரம் போன்றவையே எடுபடும்.

இவற்றில் மண்ணின் தரம் விவசாயிகளின் கைக்கு மிக அருகில் இருப்பது. இங்கிலாந்தில் விளைநிலம் ஐந்து தரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மூன்றாம் தரம் 3அ, 3ஆ என மேலும் இரண்டாகும். முதல் தரம், இரண்டாம் தரம், 3அ ஆகிய மூன்றும் சிறந்த நிலங்களாகக் கருதப்படுகின்றன. இந்நிலங்களில் 20 எக்டர், அதாவது சுமார் 50 ஏக்கர், அல்லது அதற்கு மேல் பறிபோவதாக இருந்து, அது வட்டார வளர்ச்சித் திட்டத்திலும் இடம்பெறாவிட்டால், இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பைக் கலந்தாக வேண்டும்.

பழைய வரைபடத்தில் 3அ-வையும் 3ஆ-வையும் பிரித்துக் காட்டியிருக்காது. எனவே விண்ணப்பதாரர் 'இது வெறும் மூன்றாம் தரம்' என்று எழுதிவிடுவது எளிது. இதற்கு மறுமொழி மண் துளைப்பானில் உள்ளது. எக்டருக்கு ஒரு துளை வீதம் 1.2 மீட்டர் ஆழம் வரை மண்ணெடுத்து, களியின் அளவு, கல், நீர் தேங்கிய அடையாளமான சாம்பல்நிறத் திட்டுகள் ஆகியவற்றைப் பார்த்துத் தரம் கணிக்க வேண்டும். இத்தகைய ஓர் ஆய்வறிக்கை நூறு கடிதங்களுக்குச் சமம்.

கழிவுநீர்க் கணக்கு

இங்கிலாந்தில் சிறிய சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு 2,000 லிட்டர் வரை மண்ணுக்குள் விடுவதற்குப் பொது விதிகளே போதும். அதற்கு மேல் என்றால் சுற்றுச்சூழல் முகமையின் அனுமதி வேண்டும். ஆளுக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் 20 பேர் தங்கினால் வரம்பு எட்டிவிடும். ஆகஸ்டு விடுமுறையில் ஐம்பது வண்டி நிறைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மேலும், கேரவன் கழிப்பறைகளில் ஊற்றப்படும் மருந்து, தொட்டியில் மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களையே கொன்றுவிடக்கூடும்.

மண் கழிவுநீரை ஏற்குமா என்பதை எவரும் சோதித்துப் பார்க்கலாம். கழிவுநீர்க் குழாய் அமையும் மட்டத்துக்குக் கீழே 30 செ.மீ. சதுரத்தில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, நீர் நிரப்பி ஓரிரவு ஊற விட வேண்டும். மறுநாள் மீண்டும் நிரப்பி, முக்கால் குழியிலிருந்து கால் குழிக்கு நீர் இறங்கும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மெதுவாக இறங்கினால் கழிவு மேலே ஊறி நிற்கும். மிக வேகமாக இறங்கினால் மண் வடிகட்டுவதற்குள் நிலத்தடி நீரில் கலக்கும். இரண்டுமே ஆகாது.

மணிச்சத்துப் பிரச்சினையும் உண்டு. ஆற்றில் மணிச்சத்து மிகுந்து பாசி படர்ந்ததால், எரஃபோர்டுசயர் மாவட்டத்தின் லக் ஆற்றுப் படுகையில் 2019 முதல் புதிய கட்டடங்களுக்கு அனுமதி கிடைப்பது அரிதாயிற்று. இரவில் தங்கும் விடுதிகளும் இக்கட்டுப்பாட்டில் அடங்கும். ஆனால் எதிர்ப்பாளர்கள் இதை எழுதும் முன் சற்று யோசிக்க வேண்டும். லக் கலக்கும் வை ஆற்றின் படுகையில் மணிச்சத்துச் சுமையில் பெரும்பங்கு விவசாயத்திலிருந்தே, குறிப்பாகக் கோழி எருவிலிருந்து வருகிறது. அண்டை வீட்டாரின் தொட்டியைக் குறைகூறுபவரின் எருக்குவியலையும் மன்றம் பார்க்கும்.

நாய்களும் கால்நடைகளும்

பயணிகளோடு நாய்களும் வரும். ஆடுகளை விரட்டுவது ஒருபுறமிருக்க, நாயின் மலத்தின் வழியாக நியோஸ்போரா என்னும் ஒட்டுண்ணி மேய்ச்சலிலும் தீவனத்திலும் கலந்து, பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும். பூங்காவுக்கும் மேய்ச்சலுக்கும் இடையே உறுதியான வேலி கேட்பது இதனால் முக்கியமாகிறது.

தீர்ப்புக்குப் பின்

அனுமதி மறுக்கப்பட்டால் விண்ணப்பதாரர் மேல்முறையீடு செய்யலாம். அனுமதி அளிக்கப்பட்டால் ஊராருக்கு அவ்வுரிமை இல்லை. ஆறு வாரங்களுக்குள் நீதிமன்றத்தை அணுகலாம். அதுவும் நடைமுறைத் தவறு, சட்டத் தவறு ஆகியவற்றுக்கு மட்டுமே. செலவோ அதிகம்.

வேறு சட்டம் நடைமுறையில் உள்ள ஸ்காட்லாந்திலும் இதே நிலைதான். லோமண்ட் ஏரிக்கரையில் பாலக் என்ற ஊரில் நூற்றுக்கும் மேற்பட்ட விடுமுறைக் குடில்களுடன் ஓர் உல்லாசத் தலம் அமைக்கும் திட்டம், கடும் எதிர்ப்பால் 2019-இல் திரும்பப் பெறப்பட்டது. மாற்றிக் கொண்டுவரப்பட்ட திட்டத்தை 2024 செப்டம்பரில் தேசியப் பூங்கா வாரியம் ஒருமனதாக நிராகரித்தது. வெள்ள அபாயம் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நிறுவனம் மேல்முறையீடு செய்ய, 2025 மே மாதம் விசாரணை அதிகாரி நிபந்தனைகளுடன் அனுமதிக்கும் கருத்தைத் தெரிவித்தார். ஜூன் மாதம் அமைச்சர்கள் முடிவைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். பத்தாண்டு அளவுக்குப் போராடியும் முடிவு ஊர் கையில் இல்லை.

ஆகவே அனுபவமுள்ள கிராம மன்றங்கள், 'வேண்டாம்' என்று எழுதும் கடிதத்திலேயே, 'கொடுப்பதானால் இந்த நிபந்தனைகளுடன்' என்ற பட்டியலையும் சேர்த்து அனுப்புகின்றன. வண்டிகளின் உச்ச எண்ணிக்கை, குளிர்காலத்தில் மூடும் தேதி, விடுமுறைக்கு மட்டுமே குடியிருப்பு, தங்குவோரின் பெயரும் நிரந்தர முகவரியும் எழுதிய பதிவேடு, எல்லையில் உள்ளூர் மரவேலி ஆகியவை அதில் இருக்கும். நிபந்தனை மீறப்பட்டுப் பத்து ஆண்டுகள் வரை நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால் அம்மீறலே செல்லுபடியாகிவிடும். எனவே பனிக்காலத்திலும் விளக்கு எரியும் வண்டிகளை ஊரார் தேதியிட்டுக் குறித்து, மன்றத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்து, நகலைப் பத்திரப்படுத்தி வருகின்றனர்.