ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள்

கணிப்பொறியின் உறுப்புகளை ஒழுங்குபடுத்தி, பிற நிரல்கள் பணி செய்வதற்கு இடமளிக்கும் அடிப்படை நிரல்தொகுதி இயங்குதளம் எனப்படும். ஒரு கணிப்பொறிக்கு ஓர் இயங்குதளமே உண்டு என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. ஒரே வட்டில் இரண்டினை நிறுவி, வேண்டும்போது வேண்டியதைத் தேர்ந்து இயக்கலாம். அதற்கான முறையும், சேமித்த தகவல்கள் அழியாதவாறு காக்கும் வழியும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

தேவை

விண்டோஸ் 10-க்கு வழங்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பை வேண்டுவதால், பழைய கணிப்பொறிகள் பல அதனை ஏற்கமாட்டா. ஆயினும் மதிப்பெண் பதிவேடு, கள ஆய்வுக் கணக்கு ஆகியவற்றுக்கான நிரல்களுள் சில விண்டோஸில் மட்டுமே இயங்குவன. ஆதலின் அந்நிரல்களின் பொருட்டுப் பழைய தளத்தை வைத்துக்கொண்டு, இணையப் பணிகளை லினக்ஸ் தளத்தில் செய்தல் பொருத்தமாகும். லினக்ஸின் உட்கரு 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவரால் வெளியிடப்பட்டது. அதனை அடிப்படையாகக் கொண்டு, இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைந்த பாஸ் லினக்ஸைச் சி-டாக் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது.

அமைப்பு

வட்டை ஒரு வயலாகக் கொண்டால், வரப்பிட்டுப் பாத்திகளாகப் பிரிப்பது போன்றதே வட்டுப் பகுப்பு. ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது ஓர் அட்டவணையில் பதியப்படுகிறது. எம்.பி.ஆர். என்னும் பழைய அட்டவணை 4 முதன்மைப் பகுதிகளுக்கே இடமளித்தது, இன்றைய ஜி.பி.டி. அட்டவணை வழக்கமாக 128 பகுதிகளை ஏற்கும். ஒவ்வோர் இயங்குதளமும் தனக்குரிய பகுதியில் அமைகிறது.

மின்விசையை இட்டவுடன், தாய்ப்பலகையிலுள்ள யூ.இ.எஃப்.ஐ. என்னும் நிரல் முதலில் இயங்குகிறது. அது வட்டிலுள்ள சிறிய தொடக்கப் பகுதியை நாடி, அங்குள்ள கிரப் என்னும் தொடக்க நிரலை அழைக்கிறது. கிரப் இரு தளங்களின் பெயர்களையும் திரையில் காட்டும். ஒரு நேரத்தில் ஒன்றே இயங்கும். மற்றதை நாடினால் கணிப்பொறியை மீண்டும் தொடங்க வேண்டும்.

முன்னேற்பாடுகள்

வரப்பை மாற்றும்போதே ஆபத்து நேர்கிறது. எனவே பின்வருவனவற்றை முதலில் செய்தல் வேண்டும்.

1. முக்கியமான கோப்புகள் அனைத்தையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்நகல் பிறிதொரு கணிப்பொறியில் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

2. வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். தொடக்க முறை மாறியபின் விண்டோஸ் அவ்வெண்ணைக் கேட்கக்கூடும்.

3. விண்டோஸில் ‘விரைவுத் தொடக்கம்’ என்னும் வசதியை நீக்க வேண்டும். அஃது இருக்கும்வரை, கணிப்பொறியை நிறுத்தினாலும் விண்டோஸ் முழுமையாக நிற்பதில்லை. அந்நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் பகுதியில் எழுதுதல் கோப்புகளைச் சிதைக்கும்.

4. மின்தடை நேரக்கூடிய இடங்களில் யூ.பி.எஸ். கருவியேனும் நிறைந்த மின்கலமேனும் இன்றிப் பகுப்பைத் தொடங்கலாகாது.

செய்முறை

விண்டோஸ் முன்னரே இருக்க, லினக்ஸைப் பின்னர் நிறுவுவதே எளிய வரிசை. விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக் கொண்டு அதன் பகுதியைச் சுருக்கி, 60 முதல் 100 ஜிகாபைட் வரை வெற்றிடம் உண்டாக்குக. லினக்ஸின் நிறுவல் கோப்பை 8 ஜிகாபைட் பென் டிரைவில் பதிந்து, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்குக. நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வசதி இருப்பின், வைஃபை, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்று முதலில் சோதிக்க. நிறுவும்போது ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்பதைத் தேர்ந்தால் விண்டோஸும் கோப்புகளும் ஒருங்கே மறையும். வெற்றிடத்தையே தேர்க.

நிறுவியபின் கிரப் பட்டியலில் விண்டோஸின் பெயர் தோன்றாவிடில், அது அழிந்துவிட்டதென்று முடிவு கட்டலாகாது. யூ.இ.எஃப்.ஐ.-யின் சொந்தத் தொடக்கப் பட்டியலில் அதனைக் காணலாம். பின்னர் கிரப் அமைப்பைத் திருத்திக்கொள்ளலாம்.

கடிகார வேறுபாடு

தாய்ப்பலகைக் கடிகாரம் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸ் அதனை உலகப் பொது நேரமாகக் கொள்வது வழக்கம். இந்திய நேரம் அதனினும் 5 மணி 30 நிமிடம் முன்னதாகலின், தளம் மாறும்போது கடிகாரம் அவ்வளவு பிழைபடலாம். வருகைப் பதிவும் கள அளவீடும் இதனால் தவறான நேரம் பெறும். தாய்ப்பலகைக் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளுமாறு லினக்ஸில் அமைத்தால் இக்குறை நீங்கும்.

பயிற்சி வினாக்கள்

1. நகலெடுத்த கோப்புகளைப் பிறிதொரு கணிப்பொறியில் திறந்து பார்ப்பது ஏன்?

2. விரைவுத் தொடக்கத்தை நீக்காவிடில் விளையும் கேடு யாது?

3. லினக்ஸில் பணியாற்றியபின் விண்டோஸைத் திறந்த ஆசிரியர் ஒருவருக்கு, காலை 10 மணிக்குக் கடிகாரம் 4 மணி 30 நிமிடம் காட்டியது. காரணமும் திருத்தமும் கூறுக.