மூலை பொருந்த வேண்டுமானால்
தொழிற்பாடம்: மேசை வாளுக்கு மைற்றர் கேஜ் தெரிவு செய்தல்

வேலி அடைக்கும்போது தொடக்கத்தில் கயிறு சிறிது விலகினால், கடைசிக் கதியால் அயலவர் காணிக்குள் போய் நிற்கும். கமக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தச்சு வேலையிலும் கணக்கு இதுதான். வெட்டில் கண்ணுக்குத் தெரியாத பிழை, நான்கு மூலைகளையும் பூட்டும்போது பெரிய இடைவெளியாக வெளிப்படும்.

கமத்தை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, தச்சுத் தொழிலைக் கைத்தொழிலாகப் பழகியுள்ளன. குழுவாகச் சேர்ந்து மேசை வாள் வாங்கியவர்களும் உண்டு. மரத்தின் விலையை நாம் அறிவோம். கோணம் தவறிய ஒரு யன்னல் நிலையால் மரமும் வீண், கூலியும் வீண், அடுத்த வேலையும் நம்மை விட்டுப் போகும். ஆகவே கோணத்தைத் தீர்மானிக்கும் கருவியைப் பார்த்து வாங்கப் பழகுவோம்.

மைற்றர் கேஜ் என்றால் என்ன?

மேசை வாளின் மேற்தட்டில், வாள் தகட்டுக்குப் பக்கமாக நீளமான தவாளிப்பு ஒன்று இருக்கும். அதற்குள் ஓடும் உலோகத் தண்டும், தண்டின் மேல் திரும்பும் அரைவட்டத் தலையும் சேர்ந்ததே மைற்றர் கேஜ். தலையில் பாகைகள் குறிக்கப்பட்டிருக்கும். மரத்தைத் தலையின் முகத்தோடு அணைத்துப் பிடித்துத் தள்ளினால், குறித்த கோணத்தில் வெட்டு விழும்.

சிறு பிழை பெருகும் விதம்

ஒரு பாகை பிழை, 300 மில்லிமீற்றர் நீளத்தில் ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் விலகலாகும். நான்கு மூலைச் சட்டம் ஒன்றுக்கு 45 பாகையில் எட்டு வெட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றிலும் அரைப் பாகை பிழை இருந்தால், மூன்று மூலைகளை இறுக்கிப் பூட்டியபின் நான்காவது மூலை 4 பாகை விரிந்து நிற்கும். 75 மில்லிமீற்றர் அகலமான மரத்தில் இது 7 மில்லிமீற்றர் வரையான வாய். பசையாலும் மரத்தூளாலும் அதை அடைத்து மறைக்க முடியாது.

கடைக்குப் போகுமுன்

உங்கள் வாளின் தவாளிப்பை அகலம், ஆழம் இரண்டும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பல வாள்களில் அகலம் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீற்றர். சிறிய வாள்களில் இது வேறுபடும். ஒரு வாளின் தண்டு மற்றொன்றுக்குப் பொருந்துமென்று நம்பி வாங்க வேண்டாம்.

தகடும் தவாளிப்பும் சமாந்தரமாக உள்ளனவா என்றும் பாருங்கள். மின் இணைப்பைக் கழற்றியபின், தகட்டின் ஒரு பல்லில் அடையாளமிட்டு, அதற்கும் தவாளிப்புக்கும் உள்ள தூரத்தை முன்பக்கத்தில் அளவுங்கள். தகட்டைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுவந்து மீண்டும் அளவுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்பற்கள் மரத்தை உரசிக் கருக்கும். அந்தக் குறையை எந்த மைற்றர் கேஜும் தீர்க்காது.

கடையில் பார்க்க வேண்டியவை

1. தண்டு. முடிந்தால் வாளிலேயே போட்டுப் பாருங்கள். தடையின்றி ஓட வேண்டும், பக்கவாட்டில் ஆடக்கூடாது. ஆட்டத்தைக் குறைக்கும் திருகாணிகள் தண்டின் பக்கத்தில் இருந்தால் நல்லது.

2. தலை. பூட்டியபின் கையால் திருப்பிப் பாருங்கள். சிறிதும் அசையக்கூடாது.

3. பூட்டுப் பள்ளங்கள். 90, 45 பாகைகளில் தலை தானாக வந்து நிற்க வேண்டும். அந்த நிலையைத் திருகாணியால் திருத்த முடியுமா என்று கேளுங்கள். திருத்த முடியாத கேஜ் பிழையோடு வந்தால், அந்தப் பிழை உங்களோடேயே இருக்கும்.

4. முகம். நேர்விளிம்பை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்குப் பிடியுங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் முகம் வளைந்துள்ளது.

5. பாகைக் குறிகள். இதைக் கடைசியில் பாருங்கள். அழகாக அச்சிட்ட குறிகள் சரியான கோணத்துக்குச் சாட்சியல்ல.

விலை கூடியதுதான் சரியாக வெட்டும் என்றில்லை. வாளோடு வந்த கேஜையே பலவேளை திருத்தி எடுக்கலாம். இரும்புத் தண்டு ஆடினால், அதன் பக்கத்தில் கூர்முனைப் பஞ்சால் சில சிறு குழிகள் அடியுங்கள். குழியைச் சுற்றி உலோகம் சற்றுப் புடைத்து ஆட்டம் குறையும். கூடிவிட்டால் அரத்தால் உரசுங்கள். தலையின் முகம் குறுகலாக இருந்தால், நேரான வைரப் பலகை ஒன்றைத் திருகாணியால் அதில் பூட்டுங்கள். மரம் வழுக்காதிருக்க அதன்மேல் மண்தாள் ஒட்டலாம்.

ஐந்து வெட்டுப் பரீட்சை

90 பாகையைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஏறக்குறைய 300 மில்லிமீற்றர் சதுரமான ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று போதும்.

நான்கு பக்கங்களுக்கும் வரிசையாக 1, 2, 3, 4 என இலக்கமிடுங்கள். முதலாம் பக்கத்தில் மெல்லிய கீற்றொன்றை வெட்டுங்கள். பலகையைத் திருப்பி, வெட்டிய பக்கத்தைக் கேஜின் முகத்தோடு அணைத்து அடுத்த பக்கத்தை வெட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் திருப்பி நான்கு பக்கங்களையும் முடியுங்கள். ஐந்தாவதாக, முதலாம் பக்கத்தை மீண்டும் வெட்டுங்கள். இம்முறை விழும் கீற்று 25 மில்லிமீற்றர் அளவு அகலமாக இருக்கட்டும்.

அந்தக் கீற்றின் அகலத்தை இரு முனைகளிலும் அளவுங்கள். ஒரு முனை 25.8, மறுமுனை 25.0 என்று வைப்போம். வித்தியாசம் 0.8 மில்லிமீற்றர். ஐந்தாவது வெட்டில் பிழை நான்கு மடங்காகத் தெரிவதால் நான்கால் வகுக்க வேண்டும். உண்மைப் பிழை கீற்றின் நீளத்துக்கு 0.2 மில்லிமீற்றர். யன்னல் நிலைக்கு இது போதும். வித்தியாசம் கூடுதலாக இருந்தால், தலையைச் சற்றுத் திருப்பி மீண்டும் செய்யுங்கள். முன்னையதிலும் கூடினால் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும்.

45 பாகைக்கு, இரண்டு துண்டுகளை வெட்டிச் சேர்த்து மூலைமட்டத்தால் பாருங்கள். தெரியும் இடைவெளியில் பாதியே ஒரு வெட்டின் பிழை. சித்திரவேலை செய்த சட்டத்தைக் கவிழ்த்து வெட்ட முடியாது; ஆகவே இடப்பக்க 45, வலப்பக்க 45 இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள்.

மூலைமட்டத்தையும் நம்பிவிடாதீர்கள். நேர்விளிம்புள்ள பலகையில் அதை வைத்துக் கோடு கீறி, மறுபக்கம் கவிழ்த்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் மட்டம் சரி.

கைக்குப் பாதுகாப்பு

மைற்றர் கேஜால் குறுக்கே வெட்டும்போது, நீள வெட்டுக்கான அணைப்பலகையில் மரத்தின் நுனியை முட்டக் கொடுக்க வேண்டாம். வெட்டிய துண்டு தகட்டுக்கும் அணைப்பலகைக்கும் இடையில் இறுகி, தள்ளுபவரை நோக்கிப் பாயும். ஒரே நீளத் துண்டுகள் வேண்டுமானால், கேஜில் பூட்டிய பலகையில் ஒரு தடைக்கட்டையை இறுக்குங்கள். தகடு சுழன்று முற்றாக நிற்குமுன் துண்டை எடுக்கக் கை நீட்ட வேண்டாம்.

குழுவாகச் செய்து பார்க்க

1. உங்கள் பட்டறையிலுள்ள மூலைமட்டங்கள் எல்லாவற்றையும் சோதியுங்கள். சரியானதற்கு வர்ணம் பூசி அடையாளமிடுங்கள்.

2. ஐந்து வெட்டுப் பரீட்சையைச் செய்து, திகதியையும் வித்தியாசத்தையும் கீற்றிலேயே எழுதிச் சுவரில் தொங்கவிடுங்கள். மாதம் ஒருமுறை மீண்டும் செய்து ஒப்பிடுங்கள்.

3. கழிவு மரத்தில் சிறிய சட்டமொன்று செய்து, இரு மூலைவிட்டங்களையும் அளவுங்கள். அவை சமமாக வந்து நான்கு மூலைகளும் மூடினால், நல்ல மரத்தில் கை வைக்கலாம்.