மாப்பிள்ளை மேஜையில் ஒரு கம்பிச் சுருள்!

மகளின் பிரசவத்துக்காக லண்டன் போயிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. சாப்பாட்டு மேஜையில் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை ஏதோ மும்முரமாக இருக்கிறார். பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஒரு சாமணம், மெல்லிய கம்பி, கொஞ்சம் பஞ்சு.

"என்ன மாப்பிள்ளை, ரேடியோ ரிப்பேரா?" என்கிறீர்கள். அவர் சிரித்து மழுப்புகிறார். மகளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தால் விஷயம் வெளியே வருகிறது. "அவர் சிகரெட்டை விட்டுட்டாரும்மா. அதுக்குப் பதிலா இப்ப வேப் இழுக்கிறார். அதோட கம்பியை அப்பப்ப கழுவணுமாம், மாத்தணுமாம்."

சிகரெட் போனதில் பாதி நிம்மதி. புதிதாக ஒன்று வந்ததில் பாதி கவலை. அதுவும் பச்சைக் குழந்தை இருக்கும் வீடு! இந்தக் கருவி என்ன செய்கிறது, அதைச் சுத்தம் செய்வதில் எங்கே கவனம் வேண்டும் என்று தெரிந்துகொண்டால், கவலைப்பட வேண்டிய இடத்தில் மட்டும் கவலைப்படலாம்.

குத்துவிளக்கும் ஹீட்டரும்

இந்தக் கருவியை சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தாளுநர் 2003-ல் உருவாக்கினார். உள்ளே இருப்பது மூன்றே சமாசாரம்: ஒரு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், அதன் நடுவே செருகிய பஞ்சுத் திரி. சுருளைத்தான் 'காயில்' என்கிறார்கள்.

குத்துவிளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, பஞ்சு திரவத்தை உறிஞ்சுகிறது. வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் போல, மின்சாரம் பாய்ந்ததும் சுருள் சூடாகிறது. திரவம் ஆவியாகி நுரையீரலுக்குள் போகிறது. திரவத்தில் கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால், மணமூட்டிகள், பெரும்பாலும் நிகோடினும் இருக்கும்.

கடையில் காயிலை ரெடிமேடாக வாங்கி மாட்டுவது ஒரு வகை. கம்பியைத் தானே சுற்றி, பஞ்சு செருகிக்கொள்வது இன்னொரு வகை. உங்கள் மாப்பிள்ளை இரண்டாவது ரகம்!

ஏன் கருகுகிறது?

பாயசம் அடிப்பிடித்த பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்களே! அதே கதைதான். திரவத்தில் உள்ள இனிப்பும் மணமூட்டியும் சூட்டில் கருகி, கம்பி மேல் கறுப்புப் பொருக்காகப் படிகின்றன. பொருக்கு ஏற ஏற, சூடு சீராகப் பரவாது. பஞ்சும் காய்ந்து கருக ஆரம்பிக்கும்.

இதில்தான் ஆபத்து. எண்ணெய் கருகும்போது கண்ணை எரிக்கும் புகை வருகிறதல்லவா? அதில் உள்ள அக்ரோலின் என்ற பொருள், கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடாகும்போதும் உண்டாகிறது. கூடவே ஃபார்மால்டிஹைடும் வரும். ஆகவே கருகிய ருசி தெரிந்தால், 'இன்னும் ரெண்டு இழுப்பு' என்று தொடரக்கூடாது. அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

1. முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும்.

2. கையுறை அணிவது நல்லது. மீதமுள்ள திரவத்தில் நிகோடின் இருக்கும்; அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

3. பழைய பஞ்சைச் சாமணத்தால் உருவி எறிய வேண்டும். பஞ்சைக் கழுவி மறுபடி போடுவது வீண் சிக்கனம்.

4. சுருளை வெதுவெதுப்பான நீரில் அலசி, மென்மையான பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட்டால் துடைத்தால், அது முழுக்க உலரும் முன் சூடேற்றவே கூடாது. தீப்பிடிக்கும்!

5. பொருக்கு போகாவிட்டால், பஞ்சு இல்லாத வெறும் சுருளைக் குறைந்த சக்தியில் விட்டு விட்டுச் சூடாக்கி எரிப்பார்கள். ஜன்னலைத் திறந்துவைத்து, புகை முகத்தில் படாமல் செய்ய வேண்டும். கம்பி லேசாகச் சிவந்தால் போதும். ஆறும் வரை தொடக்கூடாது.

இப்படிச் சிவக்க விடுவது கந்தால், நிக்ரோம் போன்ற கம்பிகளுக்குத்தான். சுத்த நிக்கல், டைட்டானியம் கம்பிகளுக்கு வேண்டவே வேண்டாம். ரெடிமேட் காயிலுக்கும் கூடாது. உள்ளே மூடியிருக்கும் பஞ்சு எரிந்துவிடும்.

எப்போது மாற்ற வேண்டும்?

பஞ்சைச் சில நாளுக்கு ஒரு முறை மாற்றுவது வழக்கம். இனிப்புத் திரவம் என்றால் இன்னும் சீக்கிரம். சுத்தம் செய்த பிறகும் கருகல் வாடை வந்தால், கம்பி மெலிந்திருந்தால், குழி விழுந்திருந்தால், மின்தடை அளவு மாறியிருந்தால், 'இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்' என்று பார்க்காமல் சுருளையே தூக்கி எறிந்துவிட வேண்டும்.

புதுச் சுருளை மாட்டும்போது இரு முனைகளையும் திருகுகளில் இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை ஒட்ட நறுக்க வேண்டும். நறுக்கிய துணுக்கோ சுருளோ பக்கச்சுவரைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்தான்! பஞ்சு இறுக்கமாக இருந்தால் திரவம் ஏறாது. தளர்வாக இருந்தால் ஒழுகும். திரவத்தில் நன்றாக நனைத்து, சில நிமிடம் ஊறவிட்ட பிறகே சூடேற்ற வேண்டும்.

ஓம் என்பது மந்திரமல்ல!

மின்தடையை 'ஓம்' என்ற அளவால் குறிப்பார்கள். புதுச் சுருளை மாட்டியதும் அதை மீட்டரில் பார்த்தே தீரவேண்டும். காரணம், பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான்: மின்னழுத்தத்தைத் தடையால் வகுத்தால் மின்னோட்டம்.

முழுசாக சார்ஜ் ஆன ஒரு செல்லில் 4.2 வோல்ட். சுருள் 1 ஓம் என்றால் 4.2 ஆம்பியர்தான் ஓடும். அதுவே 0.1 ஓம் ஆனால் 42 ஆம்பியர்! பல செல்கள் 20 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து தாங்காது. சூடாகி, தீப்பிடித்து, வெடிக்கவும் கூடும். தடையைத் தானே பார்த்து மின்சாரத்தை நிறுத்தும் கருவிகள் உண்டு. அந்த வசதியே இல்லாத கருவிகளும் உண்டு. அவற்றைக் கத்துக்குட்டிகள் தொடக்கூடாது.

உறை கிழிந்த பேட்டரியைப் பயன்படுத்தக்கூடாது. சாவி, சில்லறையோடு பாக்கெட்டில் போடக்கூடாது. இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கக்கூடாது.

குழந்தை இருக்கும் வீட்டில்...

பிரிட்டனில் ஒரு மில்லி நிகோடின் திரவத்தில் 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக்கூடாது. பாட்டில் 10 மில்லிக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். குறைவுதானே என்று நினைக்காதீர்கள். அந்தச் சின்னப் பாட்டிலில் 200 மில்லிகிராம் நிகோடின்! தவழும் பிள்ளைக்கு அது விஷம். பழ வாசனை வேறு. குழந்தை வாயில் வைக்கக் கேட்க வேண்டுமா?

எனவே, பால் பாட்டில் கழுவும் தொட்டியில் இந்தச் சாமான்களைக் கழுவவே கூடாது. மேஜையில் பேப்பர் விரித்துச் செய்தாலும், முடித்ததும் சோப்பு போட்டுத் துடைக்க வேண்டும். நறுக்கிய கம்பித் துணுக்குகளை எண்ணி எடுக்க வேண்டும். நனைந்த பஞ்சை மூடியுள்ள குப்பைத் தொட்டியில்தான் போட வேண்டும். பாட்டில் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். குழந்தையைத் தூக்கும் முன் கை கழுவியாக வேண்டும். இழுப்பது வீட்டுக்கு வெளியே!

தோலில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி, எச்சில் ஒழுகுதல், வெளிறிப்போதல், வியர்வை, வலிப்பு என்று அறிகுறிகள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அங்கே அவசர எண் 999. நம் ஊரில் 108.

சுத்தமாக வைத்தால் தீங்கே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். கடைப் பாட்டிலில் இருந்த திரவத்தில் உலோகம் மிகக் குறைவு. சுருளைத் தொட்ட பிறகு அதே திரவத்திலும், ஆவியிலும் ஈயம், குரோமியம், நிக்கல் எல்லாம் கூடியிருந்தன. அடிக்கடி காயில் மாற்றியவர்களின் கருவிகளில் உலோகம் அதிகம் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்! ஆக, பழைய காயிலில் கருகல், புதுக் காயிலில் உலோகம். சுத்தம் செய்தால் ஆபத்து குறையும், மறையாது.

அதற்காக மாப்பிள்ளையைக் கரித்துக்கொட்டவும் வேண்டாம். சிகரெட்டை விட நினைக்கும் பெரியவர்களுக்கு இதை ஒரு வழியாக பிரிட்டன் அரசு மருத்துவத் துறையே ஏற்கிறது. சிகரெட்டில் எரியும் புகையிலையின் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் இதில் இல்லை. ஆனால் புகைக்காதவர்களும் பிள்ளைகளும் இதன் பக்கமே போகக்கூடாது. மாப்பிள்ளையும் நிகோடின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒருநாள் இதையும் விட வேண்டும்.

ஊருக்குக் கொண்டுவரலாமா?

கூடாது! இந்தியாவில் 2019-ம் ஆண்டுச் சட்டம் இக்கருவியின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் தடை செய்கிறது. முழுக் கருவி மட்டுமல்ல, அதன் பாகமும் இதில் அடங்கும். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. திரும்பி வரும்போது "இதை என் தம்பிகிட்ட குடுத்துடுங்க" என்று மாப்பிள்ளை ஒரு பொட்டலம் நீட்டினால், பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நம் ஊரில் உங்கள் பிள்ளையின் மேஜை இழுப்பறையில் இதுபோல் சுருளும் பஞ்சும் கிடந்தாலோ, எடுத்த எடுப்பில் அடிக்கக் கை ஓங்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து, எப்போதிலிருந்து, யாரால் என்று நிதானமாகக் கேளுங்கள். புகையிலைப் பழக்கத்தை விட ஆலோசனை சொல்லும் தேசிய உதவி எண் 1800-11-2356. கட்டணம் இல்லை.

சரி, லண்டன் வீட்டுக்குத் திரும்புவோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை மேஜையில் பேப்பரை விரிக்கும்போது, மகளிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "அவர் அதைப் பின்கட்டில் வச்சு செய்யட்டும்டி. இது குழந்தை சாப்பிடப் போற மேஜை."