பன்றி வளர்க்கப் போகிறீர்களா? முதலில் நிழலைப் பாருங்கள்

ஊர் திரும்பிப் பன்றி வளர்க்க விரும்பும் குடும்பங்கள் தீனியைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். வெயிலைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. நட்டம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் நாட்டின் பன்றிப் பண்ணைகளில் பெரும்பாலானவை புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு எனக் கரையோரத்தை ஒட்டியே இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் இருந்தபோது நீங்கள் வாங்கிய இறைச்சியும் அந்தப் பக்கத்தில் இருந்து வந்திருக்கலாம். அங்கே கடற்காற்று உண்டு. வன்னியின் உள்ளூர்களில் அது கிடையாது.

வெள்ளவத்தையில் மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதும் எனக்கே வியர்க்கிறது. பன்றியால் வியர்த்துக் குளிர முடியாது. மூச்சிரைக்கும், ஈரத்தில் புரளும். வேறு வழி அதற்கில்லை. வளர்ந்த பன்றிக்குச் சுகமான வெப்பநிலை ஏறத்தாழ 18 முதல் 24 பாகை செல்சியஸ். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பகல் வெக்கை 30 பாகையைத் தாண்டிவிடும். தீனி செமிக்கும்போது உடலில் சூடு பிறப்பதால், வெக்கை நேரத்தில் பன்றி தானாகவே தீனியைக் குறைத்துக்கொள்ளும். எடை ஏறாது. விற்கும் நாள் தள்ளிப்போகும். தீனிக்கடன் மட்டும் ஏறும்.

வீட்டுக்குக் கிடைத்த தகரத்தில் மிஞ்சியதைக் கொட்டிலுக்குப் போடும் எண்ணம் வரும். வெறும் தகரத்தின் கீழ் மத்தியானம் அடுப்புத்தான். கிடுகோ பனையோலையோ வேயுங்கள். தகரம் மட்டுமே உண்டென்றால் அதன்மேல் ஓலை பரப்புங்கள். நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அரைச்சுவர் போதும், காற்று ஓடவேண்டும். வெக்கை நாளில் ஒரு பெரிய பன்றி 10 லீற்றருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். தீனியை விடியவும் பொழுதுபடவும் வையுங்கள். கொட்டில் கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம்.

குட்டிகளுக்கு இது நேர்மாறு. பிறந்த குட்டிக்கு 30 பாகைக்கு மேல் சூடு வேண்டும். மாரியில் காய்ந்த வைக்கோல் போட்டு, வாடைக்காற்றுப் படாமல் மறைத்துவிடுங்கள்.

ஆறு மாதம் பார்த்து வளர்த்ததை ஒரே மத்தியானத்தில் கெடுக்கலாம். வெயிலில் லொறியில் நெருக்கி ஏற்றி, அடித்து இறக்கி, உடனே வெட்டினால், உடல் சூடு ஆறும் முன்னரே தசையில் அமிலம் கூடிவிடும். இறைச்சி வெளிறித் தொளதொளத்து நீர் வடிக்கும். சமைத்தால் சுருங்கி வறண்டுபோகும். கடைக்காரர் அதைப் பார்த்தவுடன் விலையைக் குறைப்பார். விடியப்புறம் ஏற்றுங்கள். ஏற்றுமுன் தீனி வேண்டாம், தண்ணீர் கொடுங்கள். இறக்கியபின் நிழலில் சில மணி நேரம் ஆறவிடச் சொல்லுங்கள்.