முதுகு வலியும் கைச் சிகிச்சையும்

உறுப்பினர் கல்விப் பகுதி

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் முதன்மையான மூலதனம் உடல். தறி பழுதுபட்டால் தச்சரை அழைக்கிறோம். கொழு தேய்ந்தால் கொல்லுப் பட்டறைக்குக் கொண்டு செல்கிறோம். முதுகு பழுதுபட்டால் யாரிடம் செல்வது என்பதில் மட்டும் நம்மிடையே தெளிவு போதவில்லை. உருவி விடுதல், சுளுக்கு எடுத்தல், வர்மம், மேனாட்டாரின் கைரோபிராக்டிக் என்று கையாற் செய்யும் சிகிச்சைகள் பல உள்ளன. அவற்றால் ஆவது யாது, ஆகாதது யாது என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

இதற்கு ஒரு நிகழ்ச்சியே தூண்டுகோல். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஏடுகளை ஆய்வு செய்துகொண்டிருந்தோம். துணி வரவுப் பதிவேட்டில் ஓர் உறுப்பினரின் பெயருக்கு எதிரே இருந்த எண்கள் நம் கண்ணில் பட்டன. தவறாமல் மாதம் எட்டுச் சேலை நெய்து கொடுத்தவர் ஆறு, நான்கு, இரண்டு என்று குறைந்து வந்திருந்தார். அதே மாதங்களில் அவர் பேரில் இருமுறை கடன் பற்று எழுதப்பட்டிருந்தது. செயலாளரிடம் வினவினோம். "இடுப்பு வலி, ஐயா. எலும்பு நகர்ந்துவிட்டது என்று ஒருவர் எண்ணெய் தேய்த்து இழுத்துவிடுகிறார். நாலு மாதம் ஆகிறது" என்றார்.

அன்று மாலை செயலாளருடன் அவர் இல்லத்திற்குச் சென்றோம். நாற்பதைக் கடந்த அந்த நெசவாளர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கிற்று. இழுத்துவிட்ட அன்று சற்றுச் சுகம் தெரிவதாகவும், இரவில் வலி மீள்வதாகவும் கூறினார். மாலைதோறும் காய்ச்சல் அடிப்பதாக அவர் மனைவியார் சொன்னார். நாம் மருத்துவம் கற்றவரல்லர். எனினும் காய்ச்சலும் மெலிவும் சுளுக்கினால் வருவன அல்ல என்பது நமக்கும் விளங்கிற்று. மறுநாளே செயலாளர் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். முதுகெலும்பைக் காசநோய் பற்றியிருந்தது. ஓராண்டுக்கு மேல் மருந்து உண்டு பிழைத்தார். மருந்து இலவசமாகவே கிடைத்தது. இன்று அவர் மீண்டும் தறியில் அமர்கிறார். ஆனால் இடக்கால் முன்போல மிதியை அழுத்துவதில்லை. தேய்த்தவருக்குக் கொடுப்பதற்காக வாங்கிய கடன்தான் நெடுங்காலம் தீராமல் நின்றது.

அங்ஙனமாயின் கைச் சிகிச்சை அனைத்தும் பொய்யோ எனின், அன்று. அதற்கு உரிய இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தின் எல்லையை அறிதலே இப்பாடத்தின் நோக்கம்.

முதுகின் அமைப்பு

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 ஆக, அசையத்தக்க 24 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலும் ஒவ்வோர் இரண்டுக்கும் இடையே மெத்தை போன்ற வட்டு ஒன்று உண்டு. நடுவிலுள்ள துளைவழியே தண்டுவடம் இறங்குகிறது. அதினின்று கிளைக்கும் நரம்புகள் கைகால்களுக்குச் செல்கின்றன. இவ்வடுக்கைச் சரியாமல் காப்பவை தசைகளும் தசைநார்களும் ஆகும்.

குழித்தறியில் அமர்ந்தவர் கால்களால் மிதியை மாற்றி மிதிக்கிறார். ஒரு கை நாடாக் கயிற்றை இழுக்க, மறு கை அச்சைத் தள்ளுகிறது. இழை அறுந்தால் பாவின்மீது குனிந்து பிணைக்கிறார். நாற்று நடுபவரோ நாள் முழுதும் குனிந்தே நிற்கிறார். இவ்வாறு ஒரே நிலையில் நெடுநேரம் இறுகி நிற்கும் தசை சோர்ந்து வலிப்பது இயல்பு. பெரும்பாலான இடுப்பு வலிகளுக்கு இன்ன நோய்தான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக் காட்ட இயலாது என்பதே மருத்துவர் முடிபு. அத்தகைய வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் 61.9 கோடி மக்கள் இடுப்பு வலியால் வருந்தினர். அதாவது 13 பேரில் ஒருவர்.

கைச் சிகிச்சையின் வகைகள்

நம் நாட்டுச் சித்த மருத்துவம் புற மருத்துவ முறைகள் 32 எனக் கூறும். அவற்றுள் ஒன்று தொக்கணம். உடலைத் தேய்த்தும் பிடித்தும் செய்யும் சிகிச்சை இது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என இது ஒன்பது வகைப்படும். வர்ம மருத்துவமோ உடலில் 108 நிலைகளைக் குறிக்கிறது. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. கன்னியாகுமரிப் பகுதியில் ஆசான்களிடமிருந்து மாணாக்கர்க்கு வழிவழியாக வந்த இக்கலை, இன்று சென்னை தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் பயன்படுத்தப்படுகிறது.

ஐரோப்பாவில் சுவீடன் நாட்டினரான லிங் என்பவர் 1813இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு நிலையம் நிறுவி, உடற்பயிற்சியையும் உடல் பிடித்தலையும் முறைப்படுத்திக் கற்பித்தார். இங்கிலாந்தில் உடல் பிடிக்கும் தொழிலைத் தகுதியற்றோர் சிலர் இழிவுபடுத்தியபோது, 1894இல் செவிலியர் நால்வர் ஒன்றுகூடித் தம் தொழிலின் நற்பெயரைக் காக்க ஒரு சங்கம் அமைத்தனர். தேர்வு வைத்தனர், ஒழுக்க விதிகள் வகுத்தனர். அச்சங்கமே பின்னர் வளர்ந்து, அந்நாட்டு இயன்முறைச் சிகிச்சையாளர்களின், அதாவது பிசியோதெரபிஸ்டுகளின், பெருஞ்சங்கமாயிற்று. தொழில் செய்வோர் தாமே கூடித் தம் தரத்தைக் காத்துக்கொண்டமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அமெரிக்காவில் இரண்டு முறைகள் தோன்றின. 1864இல் மூளைக் காய்ச்சலால் தம் மக்கள் மூவரை இழந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், அக்கால மருந்துகளில் நம்பிக்கை இழந்து, 1874இல் ஆஸ்டியோபதி என்னும் முறையை அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தில் அதற்குப் பள்ளி கண்டார்.

மற்றொன்று கைரோபிராக்டிக். கையாற் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் இது. அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பால்மர் என்பவர், 1895இல், செவிப்புலன் குன்றிய ஒரு கட்டடப் பணியாளரின் முதுகெலும்பைத் தள்ளிச் சரிசெய்ததாகவும், அதனால் அவருக்குக் காது கேட்டதாகவும் கூறினார். பெரும்பாலான நோய்களுக்கும் முள்ளெலும்பு விலகி நரம்பை அழுத்துவதே காரணம் என்று அதிலிருந்து கொள்கை வகுத்தார். இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். செவி நரம்பு முதுகின் வழியே செல்வதன்று. உட்செவியிலிருந்து மண்டையோட்டிற்குள்ளேயே மூளையைச் சேர்வது. ஆகவே அக்கொள்கையின் அடித்தளமே உறுதியானதன்று. உரிமமின்றி மருத்துவம் செய்ததற்காகப் பால்மர் 1906இல் சிறை சென்றார். எனினும் அவர் தொழில் பரவியது. 1913இல் கன்சாஸ் தொடங்கி 1974இல் லூசியானா ஈறாக எல்லா அமெரிக்க மாநிலங்களும் அதற்கு உரிமம் வழங்கும் சட்டம் இயற்றின.

சொடுக்கொலியின் உண்மை

முதுகைத் திருகும்போது எழும் 'படக்' என்னும் ஒலியைக் கேட்டதும், விலகிய எலும்பு இடம் சேர்ந்தது என்று நம்புகிறோம். உண்மை வேறு. மூட்டினுள் வழவழப்பான நீர் ஒன்று உண்டு. மூட்டின் பரப்புகள் திடீரென்று பிரிகையில் அந்நீரில் வாயு நிறைந்த வெற்றிடம் உண்டாகிறது. ஒலி அப்போது எழுகிறது. விரலைச் சொடுக்கும்போது நிகழ்வதும் இதுவே. 2015இல் கனடாவில் விரல் மூட்டுகளைக் காந்தப் படக் கருவியால் படம் பிடித்து இதனைக் கண்டனர். எனவே ஒலி பெரிதாயிருப்பது சிகிச்சை பலித்ததற்கு அடையாளமன்று.

சான்று கூறுவது என்ன?

கொள்கை தவறாயிருப்பினும் கைத்தொழில் ஓரளவு பயன் தரலாம். வரவு செலவைச் சான்றுச் சீட்டுடன் சரிபார்ப்பதுபோல் இதனையும் சரிபார்த்துள்ளனர். உலகச் சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. உடற்பயிற்சி, நோயாளிக்கு விளக்கம் அளித்தல் ஆகியவற்றுடன், முதுகெலும்பைக் கையால் இயக்கும் சிகிச்சையையும் உடல் பிடித்தலையும் அது ஏற்றுக்கொண்டது. ஆயினும் அவ்விரண்டிற்கும் உள்ள சான்றின் உறுதி குறைவு என்பதையும் மறைக்கவில்லை. இடுப்புக் கச்சை கட்டுதலையும், எடையிட்டு இழுத்தலையும் வழக்கமாகச் செய்யவேண்டாம் என்று கூறிவிட்டது. முதுகெலும்பை இயக்கும் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற பிற நல்ல முறைகளுக்கு ஏறத்தாழ ஒத்த பயனையே தருகிறது என்பதும் ஆராய்ச்சிகளின் முடிபு.

இதன் பொருள் யாது? பயின்ற கைகள் வலியைச் சில காலம் தணிக்கலாம். இறுகிய தசையைத் தளர்த்தலாம். அந்த இடைவேளையில் நாம் நடக்கவும் பயிற்சி செய்யவும் இயலும். ஆனால் நீரிழிவு, ஆஸ்துமா, காதுக் கோளாறு முதலியவற்றை முதுகைத் திருகித் தீர்ப்பதாகக் கூறுவோர் சொல்லுக்குத் தக்க சான்று இல்லை. ஆறு மாதம் தொடர்ந்து வரவேண்டும் என்று முன்பணம் கேட்போரிடமும் எச்சரிக்கையாயிருத்தல் நன்று.

கை வைக்கலாகாத நிலைகள்

பின்வரும் அடையாளங்களுள் ஒன்று காணப்பட்டாலும், தேய்ப்பவரிடம் செல்லாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

1. கால் மரத்தல் அல்லது வலுவிழத்தல். தொடையின் உட்புறமும் ஆசனப் பகுதியும் உணர்வற்றுப் போதல். சிறுநீர், மலம் கட்டுக்கடங்காமை அல்லது சிறுநீர் வெளியேறாமை. இவற்றுக்கு ஒரு நாளும் தாமதம் கூடாது.

2. வலியுடன் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமற்ற உடல் மெலிவு.

3. மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்தபின் தோன்றிய வலி.

4. முன்பு காசநோயோ புற்றுநோயோ கண்டவருக்கு வரும் புதிய வலி.

5. எலும்பு தேய்ந்து மெலிந்த முதியோருக்குத் திடீரென வரும் வலி.

கழுத்தைக் குறித்துத் தனியே ஒன்று கூறவேண்டும். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு குழாய்கள் கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே ஏறுகின்றன. கழுத்தைத் திடீரென்று திருகினால் அக்குழாயின் உட்சுவர் கிழியலாம். அதனால் பக்கவாதம் நேரலாம். இஃது அரிதே, ஆயினும் நேர்ந்தால் மீட்பது கடினம். முடி வெட்டிய பின் வழக்கமாகத் தலையைப் பிடித்துச் சொடுக்குவதை நம்மவர் பலர் விரும்புகின்றனர். "வேண்டாம், அண்ணே" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும்.

தறியிலும் வயலிலும்

படுத்தே கிடப்பது முதுகு வலிக்கு மருந்தன்று. இயன்ற அளவு நடமாடுவதே விரைவில் குணம் தரும். அரை மணிக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து, இடுப்பில் கை ஊன்றி மெல்லப் பின்னால் வளைந்து, பத்து அடி நடக்கலாம். கால் மிதியை எட்டாமல் தவித்தாலும், முழங்கால் மடங்கி நெஞ்சருகே உயர்ந்தாலும், அமரும் பலகையின் உயரத்தை மாற்றவேண்டும். மூட்டை தூக்குகையில் முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்து எழவேண்டும்; தூக்கிய நிலையில் இடுப்பைத் திருகலாகாது. கனமான மூட்டைக்கு இருவர் கை கொடுப்பது கோழைத்தனமன்று, அதுவே கூட்டுறவு.

சங்கம் செய்யத்தக்கது

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லம் வந்து அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நிர்வாகக் குழுவினர் ஆண்டுக்கு ஒருமுறை தகுதி பெற்ற இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரைச் சங்கத்திற்கு வரவழைத்து, தறிகளின் அமைப்பைப் பார்வையிடவும் பயிற்சிகளைக் கற்பிக்கவும் செய்யலாம். வலிக்காகக் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம், "மருத்துவமனையில் காட்டினீர்களா?" என்று செயலாளர் ஒருமுறை கேட்கலாம். நாம் மேலே கூறிய நெசவாளரை முதல் மாதத்திலேயே எவரேனும் இவ்வினாவைக் கேட்டிருந்தால், அவர் இடக்கால் இன்று உறுதியாய் இருந்திருக்கக்கூடும். பதிவேட்டில் எண் குறையும்போதே மனிதரை நோக்குவது நம் அனைவர் கடமையுமாகும்.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் முதுகு வலி கண்டவர்கள் முதலில் யாரிடம் செல்கின்றனர்? ஏன்?

2. கைச் சிகிச்சையால் பெறத்தக்க பயன் யாது? அதன் எல்லை யாது?

3. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அடையாளங்கள் ஐந்தனையும் கூறுக.

4. உங்கள் தறியின் அமரும் பலகை உங்கள் கால் அளவுக்குப் பொருந்துகிறதா? வீட்டில் அமர்ந்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் தெரிவிக்க.

5. உடல் நலத்திற்காக நம் சங்கம் இவ்வாண்டு செய்யக்கூடிய ஒரு செயலைத் தீர்மானிக்க.