காது சொல்லும் செய்தி

திருப்பதியில் நம் பள்ளிக்கு வரும் தெருமுனையில் செந்நிற நாய் ஒன்று நாள்தோறும் படுத்திருக்கும். ஒருநாள் காலையில் மாணவன் ஒருவன் அதைக் கண்டதும் குனிந்து கல்லெடுத்தான். உடன்வந்த மாணவி அவன் கையைப் பற்றித் தடுத்தாள். "அடிக்காதே! யாரோ ஏற்கெனவே அதன் காதை வெட்டியிருக்கிறார்கள், பார்" என்றாள். வகுப்பிற்கு வந்ததும் இருவரும் என்னிடம் வினவினர்.

"ஐயா, அதன் காதை வெட்டிய கொடியவர் யார்?" என்றாள் அவள்.

"அது என்னைக் கடித்தால் என்ன செய்வது?" என்றான் அவன்.

இரண்டும் கேட்க வேண்டிய வினாக்களே. இரண்டிற்கும் விடை அந்தக் காதிலேயே இருக்கிறது.

காதில் வெட்டியவர் கொடியவர் அல்லர், கால்நடை மருத்துவர். தெருநாயைப் பிடித்து, மயக்க மருந்து கொடுத்து, கருத்தடை அறுவை செய்வர். வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவர். மயக்கம் தெளியும் முன்பே காதின் ஓரத்தில் சிறிது வெட்டிவிடுவர். 'இந்நாய்க்குச் சிகிச்சை முடிந்தது' என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர், பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவர்.

இம்முறைக்கும் நம் சென்னைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரம் 1959ஆம் ஆண்டில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றினார். அந்த இரக்கத்திலிருந்து புளூ கிராஸ் என்னும் விலங்கு நல அமைப்பு பிறந்தது. அக்காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கம். ஆண்டுதோறும் கொன்றும் நாய்கள் குறையவில்லை. சுந்தரத்தின் மகன் சின்னி கிருஷ்ணா அதன் காரணத்தை ஆராய்ந்தார். 1964ஆம் ஆண்டில் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடைத் திட்டத்தைப் புளூ கிராஸ் முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதனை ஏற்க 1996ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2001இல் நடுவண் அரசு அதனை நாடு முழுமைக்குமான விதியாக்கியது.

கொன்றும் ஏன் குறையவில்லை? ஒரு தெருவில் கிடைக்கும் உணவைப் பொறுத்தே அங்கு வாழும் நாய்களின் எண்ணிக்கை அமையும். இருக்கும் நாய்களை அகற்றினால் அந்த உணவைத் தேடிப் பிற தெருநாய்கள் வந்துசேரும்; அவை குட்டிகளும் ஈனும். மாறாக, கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய் தன் எல்லைக்குள் புது நாய்களை எளிதில் நுழைய விடாது. குட்டிகளும் பெருகா. நாய்களுள் பத்தில் ஏழிற்குத் தடுப்பூசி போட்டால், வெறிநோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்து.

2023ஆம் ஆண்டின் புதிய விதிகள் பூனைகளையும் சேர்த்துக்கொண்டன. தெரு விலங்குகளுக்கு உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து விலகி இருக்க வேண்டும் என்றும் அவை கூறுகின்றன. பள்ளி, மருத்துவமனை போன்ற வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடலாகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. விலங்கின் உயிரையும் குழந்தையின் உயிரையும் ஒருங்கே காப்பதே நோக்கம்.

இனி, மாணவனின் வினாவிற்கு வருவோம். காதில் அடையாளம் இருந்தாலும் கடித்தால் அலட்சியம் கூடாது. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆனால் உடனே மருத்துவம் பெற்றால் அந்நோயைத் தடுத்துவிடலாம். எனவே நாயோ பூனையோ கடித்தால், கீறினால், அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுக. மஞ்சளோ மிளகாய்த்தூளோ அப்பாதீர். அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்க. வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சி மறைக்கவே மறைக்காதீர்.

நாய் அருகில் வந்தால் ஓடாதீர், அசையாமல் நிற்பீர். உண்ணும் நாயையும் குட்டிகளோடு இருக்கும் தாயையும் நெருங்காதீர்.

அம்மாணவன் இன்றும் அந்த நாயைக் கண்டால் சற்று விலகியே நடக்கிறான். அதில் தவறில்லை. கல்லை மட்டும் அவன் எடுப்பதில்லை.

சொற்பொருள்
ஈனுதல் – குட்டி போடுதல்
வினவுதல் – கேட்டல்
நடுவண் அரசு – மத்திய அரசு
அலட்சியம் – பொருட்படுத்தாமை

மொழியறிவோம்
தெலுங்கில் 'குக்க' என்பது தமிழில் நாய். 'பில்லி' என்பது பூனை. நாய் குரைக்கும், பூனை சீறும். நாயின் குட்டியைக் 'குருளை' என்றும் கூறுவது பழந்தமிழ் மரபு.

பயிற்சி
1. நாயின் காதில் உள்ள வெட்டு எதனை உணர்த்துகிறது?
2. தெருநாய்களைக் கொன்றும் அவை குறையாததற்குக் காரணம் யாது?
3. நாய் கடித்தால் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.
4. உங்கள் தெருவில் உள்ள நாய்களுள் எத்தனைக்குக் காதில் அடையாளம் உள்ளது? எட்டி நின்று பார்த்து, வீட்டுப் பெரியவர்களோடு தமிழில் உரையாடி, ஐந்து வரிகள் எழுதுக.