இரத்தத்தில் ஏன் இத்தனை பிரிவுகள்?

உடன்பிறந்த தம்பியின் இரத்தம் அண்ணனுக்குப் பொருந்தாமல் போகலாம். முன்பின் அறியாத ஒருவருடைய இரத்தம் அவருக்கு நன்கு பொருந்தலாம். இதன் காரணத்தைக் கிராம மக்கள் யாவரும் அறிந்திருத்தல் நலம்.

முற்காலத்தில் ஒருவருடைய இரத்தத்தை மற்றொருவருக்குச் செலுத்தியபோது சிலர் பிழைத்தனர், சிலர் மாண்டனர். வியன்னா நகரத்து அறிஞர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் 1901-ஆம் ஆண்டில் இப்புதிரை விடுவித்தார். தம்முடன் பணியாற்றியோரின் இரத்தத்தை ஒன்றோடொன்று கலந்தபோது, சில கலவைகளில் சிவப்பு அணுக்கள் கட்டிகட்டியாகத் திரளக் கண்டார். அவருக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிவப்பு அணுவின் மேற்பரப்பில் நுண்ணிய சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. ஒருவகைப் பொருள் இருப்பின் 'ஏ' பிரிவு. வேறுவகை இருப்பின் 'பி'. இரண்டும் இருப்பின் 'ஏபி'. இரண்டும் இல்லாவிடின் 'ஓ'. தன்னிடம் இல்லாத பொருளை உடல் பகையெனக் கருதி எதிர்க்கும். பொருந்தாத இரத்தம் உயிருக்கே ஆபத்தாவது இதனாலேயே.

இப்பிரிவு தாயிடமிருந்து ஒரு கூறும் தந்தையிடமிருந்து ஒரு கூறுமாக வருகிறது. தந்தை 'ஏ', தாய் 'பி' ஆயின், மக்கள் நால்வரும் நான்கு பிரிவினராக இருத்தலும் கூடும். சாதியைக் கொண்டோ ஊரைக் கொண்டோ ஒருவரது பிரிவை அறிய இயலாது; சோதனை ஒன்றே வழி.

இவ்வேற்றுமை ஏன் நிலைத்தது? நோய்களே முக்கிய காரணம் என அறிஞர் கருதுகின்றனர். கடும் மலேரியாக் காய்ச்சலை 'ஓ' பிரிவினர் பிறரைவிட நன்கு தாங்குகின்றனர். ஆனால் காலரா கண்டால் அவர்களையே அது கடுமையாக வாட்டுகிறது. ஒரு நோய்க்குக் கேடயமானது மற்றொன்றுக்கு ஆகாது. ஆகவே எந்தப் பிரிவும் உயர்ந்ததன்று, தாழ்ந்ததுமன்று.

1940-இல் அறிவிக்கப்பட்ட 'ஆர்எச்' என்னும் வேறொரு பொருளும் உண்டு. அப்பொருள் இல்லாத தாய், அஃதுள்ள குழந்தையைப் பெற்றால், அடுத்த கருவுக்குத் தீங்கு நேரலாம். பிரசவமான 72 மணி நேரத்திற்குள் உரிய ஊசி போட்டுக்கொண்டால் அதனைப் பெரும்பாலும் தடுக்கலாம். எனவே கருவுற்ற தாய்மார் தொடக்கத்திலேயே இரத்தப் பிரிவைச் சோதித்தறிதல் இன்றியமையாதது.

ஆபத்து வந்தபின் ஊரெல்லாம் ஓடித் தேடுவதைவிட, ஒவ்வொருவரும் தம் பிரிவை முன்னரே அறிந்து குறித்து வைத்தல் நன்று. 18 வயது நிறைந்த, உடல்நலமுள்ள ஆண்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்திற்கு ஒருமுறையும் இரத்த தானம் செய்யலாம். கொடுத்த இரத்தம் மீண்டும் ஊறும். போன உயிர் மீளாது.